தளங்கள் தனித்தனி, மென்பொருள் பொது: பெங்களூரு பேட்டைக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

2015இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பெங்களூரு மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் கவுன்சிலர் இல்லாமலேயே நகரம் ஓடியது. சாக்கடை அடைத்துக்கொண்டால் யார் கதவைத் தட்டுவது என்று தெரியாத நிலையில், குடியிருப்பவர்களே குழு சேர்ந்து வேலையில் இறங்குவது இயல்புதான். அல்சூரில் ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாயைத் தூர்வாரச் சொல்லி ஒரு குழு, ஸ்ரீராம்புரத்தில் வீட்டுப் பத்திரம் கேட்டு ஒரு குழு, நீலசந்திராவில் ஒரு சுயேச்சை வேட்பாளருக்காக இன்னொரு குழு என்று வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் தனித்தனி இணையத்தளம், தனித்தனிச் செலவு. ஒருவர் குடிநீர் வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில் பக்கத்துப் பேட்டைக்காரர் கண்ணில் படுவதே இல்லை.

எல்லோரும் சேர்ந்து ஒரே தளம் வைக்கலாமே என்றுதான் முதலில் தோன்றும். மேலே யார் பெயர் என்ற கேள்வியில் அது நின்றுவிடும். வாட்ஸ்அப் குழு போதாதா என்றால், செய்தி பரவ அது போதும். போன மாதம் போட்ட ஆவணத்தைத் தேடி எடுக்க அது உதவாது. மூன்றாவது வழி, அவரவர் தளம் அவரவரிடமே இருக்க, எல்லோரும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்தித் தளங்களைப் பேசவைப்பது. அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. படிவம் நிரப்பத் தெரிந்தவருக்கு இது கைவரும்.

யோசனை பழையது. 2003இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீன், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்குப் போட்டியிட்டார். ஊர் ஊராக அவருடைய ஆதரவாளர்கள் தலைமையைக் கேட்காமலேயே தளங்களைத் தொடங்கினார்கள். அவர்களுக்காகச் சில தன்னார்வ நிரலர்கள், ட்ரீஸ் பாய்டார்ட் என்ற பெல்ஜியக்காரர் 2001இல் கட்டற்ற மென்பொருளாக (யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்) வெளியிட்ட ட்ரூபல் என்ற தளம் அமைக்கும் கருவியை எடுத்து, தேவையானவற்றை முன்கூட்டியே சேர்த்து, ‘டீன்ஸ்பேஸ்’ என்ற பெயரில் ஒரு பொட்டலமாகக் கொடுத்தார்கள். அதை நிறுவிய தளங்கள் ஒன்றின் செய்தியை மற்றொன்று எடுத்துக் காட்ட முடிந்தது. டீன் 2004 ஜனவரியில் அயோவா மாநிலத்தில் நடந்த உட்கட்சித் தேர்வில் மூன்றாம் இடத்துக்குப் போனார், பிப்ரவரியில் விலகினார். மென்பொருள் மட்டும் ‘சிவிக்ஸ்பேஸ்’ என்ற புதுப் பெயரில் தொடர்ந்தது. வேட்பாளர் தோற்றாலும் கருவி மிஞ்சும் என்பதை நம் ஊர்க் குழுக்கள் கவனிக்க வேண்டும். அடுத்த தேர்தலில் யார் நிற்பார் என்று தெரியாது. சாக்கடை அங்கேயேதான் இருக்கும்.

முதலில் ஒரு பக்கத் தாள்

மென்பொருளைத் தொடுவதற்கு முன் மூன்று குழுக்களிலிருந்தும் இரண்டிரண்டு பேர் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். நான்கு விஷயங்கள் அதில் இருந்தால் போதும்: எதைப் பகிர்வோம், எதைப் பகிரமாட்டோம், பொதுப் பக்கத்திலிருந்து ஒரு செய்தியை நீக்கும் உரிமை யாருக்கு, ஒரு குழு விலக நினைத்தால் எப்படி விலகும்.

கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலரும் கூச்சப்படுவார்கள். சேரும்போதே பிரிவைப் பற்றிப் பேசுவானேன் என்பார்கள். ஆனால் பிரியும் வழி எளிதாக இருந்தால்தான் சந்தேகப்படுகிறவர்கள் சேர்வார்கள். இங்கே சொல்லப்போகும் முறையில் விலகுவது சுலபம். பொதுப் பக்கத்திலிருந்து ஒரு முகவரியை எடுத்துவிட்டால் முடிந்தது. விலகிய குழுவின் தளம் ஒரு எழுத்துகூட மாறாமல் நிற்கும்.

டொமைன் யார் பெயரில்?

இதில் சறுக்குகிறவர்கள்தான் அதிகம். ஆர்வமுள்ள பையன் ஒருவன் தன் கார்டில் டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், வாங்குவான். இரண்டு வருடம் கழித்து வேலை கிடைத்து வெளியூர் போவான், கார்டு காலாவதியாகும், புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் யாரும் திறக்காத பெட்டிக்குப் போகும். தளம் போய்விடும், சில சமயம் அதே பெயரை யாரோ வாங்கி விளம்பரம் ஓட்டுவார்கள்.

ஆகவே குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் கணக்கு, அதன் கடவுச்சொல் இரண்டு பேரிடம், அந்தக் கணக்கில் டொமைன். முடிந்தால் பல ஆண்டுகளுக்குச் சேர்த்தே பணம் கட்டிவிடுங்கள். டாட் இன் முகவரி போதும். தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா முகவரியும் வாங்கலாம், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சுவரொட்டியைப் பார்த்து போனில் தட்டுகிறவர் எல்லோரிடமும் தமிழ் விசைப்பலகை இருக்காது, அதுவும் பெங்களூரில். அதை இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுக் குறியோடு தளம் திறக்கத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. தளத்துக்கு இணையத்தில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்களில் பெரும்பாலானவற்றின் பக்கத்தில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கும்.

எந்த மென்பொருள்?

ட்ரூபல் இன்றும் வலுவானதுதான். ஆனால் புதியவர்களுக்கு வேர்ட்பிரஸ் என்றே சொல்வேன். காரணம் எளிது: உலகின் தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. எனவே சிக்கல் வந்தால் உதவ ஆள் கிடைப்பார். தமிழிலும் கன்னடத்திலும் அதன் நிர்வாகப் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு குறுக்கு வழி கண்ணைக் கவரும். வேர்ட்பிரஸில் ‘மல்டிசைட்’ என்று ஒரு வசதி உண்டு. ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தலாம். ஒரு தடவை அப்டேட் செய்தால் எல்லாவற்றுக்கும் ஆயிற்று. இது காம்பவுண்டு வீடு மாதிரி: வீடுகள் தனித்தனி, ஆனால் வெளிக் கேட்டின் சாவி ஓனரிடம். தலைமை நிர்வாகி எந்தத் தளத்தையும் திறக்கலாம், மூடலாம். தரவுத்தளம் ஒன்று, அதற்குள் எவனாவது புகுந்தால் எல்லாத் தளமும் போகும். ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்புத் தளங்களுக்கு இது சரி. நாளைக்கு எதிரெதிராக வேட்பாளர் நிறுத்தக்கூடிய குழுக்களுக்குச் சரிவராது.

ஆகவே தனித்தனி நிறுவல். அதைப் பொதுவாக்குவது ஒரு பொட்டலம், அதாவது எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே தீம் (தளத்தின் தோற்றம்), ஒரே ப்ளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) பட்டியல், ஒரே அமைப்புகள். ப்ளகின்களில் ஐந்துக்கு மேல் போகவேண்டாம். பன்மொழிக்கு பாலிலாங், கூட்ட அறிவிப்புகளுக்கு ஒரு நாட்காட்டி ப்ளகின், தொடர்புப் படிவத்துக்கு ஒன்று, தினசரிக் காப்புநகலுக்கு ஒன்று, உள்நுழையும்போது போனில் எண் கேட்கும் இரட்டைப் பூட்டுக்கு ஒன்று. பட்டியலையும் அமைப்புகளையும் ஒரு கோப்பில் எழுதி மூன்று குழுக்களும் வைத்துக்கொள்ளுங்கள். ஈஜிபுராவில் நாலாவது குழு சேர்ந்தால் அந்தக் கோப்பைப் பார்த்து ஒரு மதியத்தில் தளம் நிறுத்திவிடலாம்.

குறிச்சொற்களை ஒத்துக்கொள்ளுங்கள்

தளங்களை இணைப்பதில் பாதி வேலை இதுதான், இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். செய்தி எதைப் பற்றியது என்று காட்ட ஒருவர் ‘தண்ணீர்’ என்று குறிச்சொல் போடுவார், இன்னொருவர் ‘குடிநீர்’, மூன்றாமவர் ‘காவேரி நீர்’. மென்பொருளுக்கு இவை மூன்றும் மூன்று விஷயங்கள். பத்துப் பதினைந்து சொற்களை முதலிலேயே முடிவுசெய்து, எல்லாத் தளங்களிலும் அதே எழுத்தில் பதியுங்கள்: குடிநீர், சாக்கடை, குப்பை, வீட்டுப் பத்திரம், ரேஷன், பெஸ்காம், ஏரி, பள்ளி, கூட்டம், ஆவணம்.

திரையில் தெரியும் பெயர் தமிழில் இருக்கட்டும். ஆனால் முகவரியில் வரும் துண்டுப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் கொடுங்கள். ஒரு தமிழ் எழுத்துக்குறி முகவரியில் சதவீதக் குறிகளோடு ஒன்பது இடத்தைப் பிடிக்கும், வேர்ட்பிரஸ் ஒதுக்குவது 200 இடம்தான். இருபத்திரண்டு குறிகளோடு முகவரி வெட்டுப்படும். வெட்டுப்படாவிட்டாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அரைப் பக்கத்துக்கு நீளும் அந்தச் சங்கிலியை யாரும் நம்பித் தொடமாட்டார்கள்.

இடத்தைக் குறிக்க வார்டு எண்ணை நம்பாதீர்கள். 2010, 2015 தேர்தல்களில் நகருக்கு 198 வார்டுகள். பிறகு எல்லைகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். 2024இன் அகண்ட பெங்களூரு நிர்வாகச் சட்டப்படி 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியே ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. எண்ணும் பெயரும் மாறும், மர்ஃபி டவுன் மர்ஃபி டவுனாகவே இருக்கும். பேட்டைப் பெயரைக் குறிச்சொல்லாக்குங்கள், வார்டு எண்ணைச் செய்திக்குள் எழுதிக்கொள்ளுங்கள். பழைய, புதிய எல்லைகளின் வரைபடக் கோப்புகள் ஓப்பன்சிட்டி தளத்தில் கிடைக்கின்றன. ஒரு தெரு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க உதவும்.

ஃபீட்: இணைப்பு நடக்கும் இடம்

எந்த வேர்ட்பிரஸ் தளமும் தன் புதிய செய்திகளின் பட்டியலை, மற்ற தளங்கள் எடுத்துக்கொள்ளும்படி, ஆர்எஸ்எஸ் என்ற வடிவத்தில் தானாகவே வெளியிட்டுக்கொண்டிருக்கும். 1999இல் பிறந்த பழைய நுட்பம் அது. முகவரியின் கடைசியில் சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் ஃபீட் என்று தட்டிப் பாருங்கள், வருவது அந்தப் பட்டியல்தான்; அதற்குப் பெயர்தான் ஃபீட். ஒரு வகை அல்லது குறிச்சொல்லின் பக்கத்திலும் அப்படியே தட்டினால் அதற்கு மட்டுமான ஃபீட் வரும். குறிச்சொல்லில் அவ்வளவு நேரம் செலவிட்டதன் பலன் இங்கே தெரியும். ஸ்ரீராம்புரம் தளத்தில் ‘குடிநீர்’ பற்றி வருவதை மட்டும் அல்சூர் தளம் எடுத்துக் காட்டலாம். பத்திர விவகாரம் அங்கே வந்து நிறைய வேண்டியதில்லை.

எடுத்துக் காட்டுவதும் சுலபம். பக்கத்தைத் திருத்தும்போது ‘ஆர்எஸ்எஸ்’ என்ற பிளாக்கைச் சேர்த்து ஃபீட் முகவரியை ஒட்டுங்கள். எத்தனை செய்தி, தேதி வேண்டுமா, சுருக்கம் வேண்டுமா என்று கேட்கும். தலைப்பும் இரண்டு வரியும் போதும். தொடுகிறவர் எழுதிய குழுவின் தளத்துக்கே போகட்டும். முழுச் செய்தியையும் நகலெடுத்துப் போட்டால் பிழை திருத்தம் ஒரு இடத்தில் நடக்கும், மற்ற இடங்களில் பழைய பிழையே நிற்கும்.

பொதுப் பக்கம் என்று ஒன்று வேண்டுமானால் நாலாவது டொமைன் வாங்காதீர்கள். மூன்று தளங்களிலும் ‘மற்ற பேட்டைகளிலிருந்து’ என்று ஒரே மாதிரிப் பக்கம் வையுங்கள். ஒன்று விழுந்தாலும் இரண்டு நிற்கும். யார் தலைமை என்ற பேச்சும் எழாது.

இதில் ஒரு ஆபத்து உண்டு. ஃபீட் தானாக வருவதால், ஒரு தளத்தில் எழுதுவது மற்ற இரண்டு தளங்களின் முகப்பிலும் கேட்காமல் போய் உட்காரும். சாதாரண நாளில் பரவாயில்லை. 2016 செப்டம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டி தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் இந்த நகரத்தில் எரிந்தன. அப்படி ஒரு நாளில் யாரோ சரிபார்க்காமல் போட்ட ஒரு வரி மூன்று பேட்டைகளுக்கும் வினையாகும். எனவே முழு ஃபீட்டைக் கொடுக்காமல் ‘பொது’ என்று ஒரு வகை உருவாக்கி, அதில் போட்டது மட்டும் வெளியே போகும்படி வையுங்கள். அந்த வகையில் பதியும் உரிமை குழுவுக்கு இரண்டு பேரிடம் இருந்தால் போதும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வேர்ட்பிரஸ் மற்றொரு தளத்தின் ஃபீட்டை ஒருமுறை படித்தால் 12 மணி நேரம் அதையே நினைவில் வைத்துக் காட்டும். காலையில் போட்ட செய்தி பக்கத்துத் தளத்தில் மாலைவரை வராததற்குக் காரணம் இதுதான், எதுவும் கெட்டுப்போகவில்லை. அதே காரணத்தால், தவறான செய்தியை நீங்கள் நீக்கினாலும் மற்ற தளங்களில் அதன் தலைப்பு அரை நாள் தொங்கிக்கொண்டிருக்கும். அவசரமென்றால் மற்றவர்களைப் போனில் கூப்பிட்டு அந்த பிளாக்கையே எடுக்கச் சொல்லுங்கள். அதற்காகவே ஒவ்வொரு குழுவிலும் இரவிலும் போன் எடுக்கும் ஒருவரின் எண் அந்த ஒரு பக்கத் தாளில் இருக்கட்டும்.

மாஸ்டடான் போன்ற சமூகவலைகளில் தளத்தைப் பின்தொடரவைக்கும் ஆக்டிவிட்டிபப் ப்ளகினைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். நல்ல நுட்பம். ஆனால் உங்கள் தெருக்காரர்கள் அங்கே இல்லை, இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நாட்காட்டி

கூட்ட அறிவிப்பைப் படமாகப் போடும் பழக்கத்தைக் குறையுங்கள். நாட்காட்டி ப்ளகினில் பதிந்தால் அது ஐகேல் என்ற வடிவிலும் வெளியாகும். மூன்று தளங்களின் ஐகேல் முகவரிகளையும் ஒருமுறை தன் போன் நாட்காட்டியில் சேர்த்தவருக்கு மூன்று பேட்டைகளின் கூட்டங்களும் தானாக வந்து விழும். கூகுள் நாட்காட்டி இதைப் புதுப்பிக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், கூட்டம் திடீரென்று ரத்தானால் மட்டும் பழையபடி வாட்ஸ்அப்.

மொழி

தமிழ்க் குழு என்பதால் தமிழில் மட்டும் தளம் வைப்பது பெங்களூரில் புத்திசாலித்தனம் ஆகாது. மனு போகும் அலுவலகத்தில் இருப்பவர் கன்னடத்தில் படிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் உருதுவிலோ தெலுங்கிலோ பேசுவார். எல்லாவற்றையும் மொழிபெயர்க்க ஆள் இருக்காது, பரவாயில்லை. கோரிக்கையும் கூட்ட அறிவிப்பும் கன்னடத்தில் கட்டாயம், மற்றவை முடிந்தபோது. பாலிலாங்கைச் சரியாக அமைத்தால் மொழிக்கு ஒரு ஃபீட் தனியாகக் கிடைக்கும். எனவே தமிழ் தெரியாத ஒரு குழு பின்னால் சேர்ந்தால் உங்கள் கன்னடச் செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். 2016இல் இரும்பு மேம்பாலம் வேண்டாம் என்று நகரமே ‘பேடா’ சொன்னது, மறு ஆண்டு மார்ச்சில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அந்த ஒரு சொல்லுக்கு யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஃபிளெக்ஸ் கடையிலிருந்து வாங்கும் வாசகங்களைக் கவனியுங்கள். தமிழில் பாமினி, கன்னடத்தில் பழைய நுடி போன்ற எழுத்துருக்களில் அடித்ததை அப்படியே தளத்தில் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். யூனிகோடாக மாற்றியபின் ஒட்டுங்கள்.

பகிரக் கூடாதவை

ஆட்களின் விவரம். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். கையெழுத்து போட்டவர்களின் பெயர், போன் எண், முகவரி அந்தந்தக் குழுவிடமே இருக்க வேண்டும். அல்சூர் சாக்கடைக்காக எண் கொடுத்த அம்மாவுக்கு நீலசந்திரா வேட்பாளரிடமிருந்து வாக்கு கேட்டு அழைப்பு வந்தால், அவர் இனி எந்தக் குழுவுக்கும் எண் தரமாட்டார். 2023இன் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, ஒப்புதலோடு, அதற்கு மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது. படிவத்தின் கீழே அதை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். வாக்காளர் பட்டியலைத் தளத்தில் ஏற்றும் யோசனை யாருக்காவது வந்தால் அப்போதே மறுத்துவிடுங்கள்.

பெயர்ப் பட்டியல் ஆயிரக்கணக்கில் வளர்ந்து எக்செல் தாளில் அடங்காமல் போனால் சிவிசிஆர்எம் இருக்கிறது. 2005இல் வந்த கட்டற்ற மென்பொருள், வேர்ட்பிரஸுக்குள்ளேயே ஓடும். அதற்கும் குழுவுக்கு ஒன்று, தனியாக.

பணமும் அப்படியே. பொதுவான நன்கொடைப் பொத்தான் வைக்காதீர்கள். வேட்பாளர்களும் கட்சிகளும் வெளிநாட்டு மூலத்திலிருந்து பணம் வாங்குவதை 2010இன் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் தடை செய்கிறது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அன்போடு அனுப்பும் நூறு டாலரும் அதில் அடங்கும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை செய்யும் தம்பியின் பணம் அடங்காது. இதையெல்லாம் பார்த்துப் பிரிக்க ஒரு ஆள் இல்லாத குழு இணையத்தில் பணம் வாங்காமல் இருப்பதே நல்லது.

தேர்தல் வந்துவிட்டால்

மூன்று குழுக்களில் ஒன்று வேட்பாளருடையது என்பதால் இது முக்கியம். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில், இந்தியத் தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரில் தந்த அறிவுறுத்தலின்படி இணையப் பிரசாரச் செலவும் வேட்பாளரின் தேர்தல் கணக்கில் சேரும். இணைய அரசியல் விளம்பரத்துக்கு முன் அனுமதியும் வேண்டும். மாநகராட்சித் தேர்தலை நடத்துவது கர்நாடக மாநிலத் தேர்தல் ஆணையம். அதன் விதிகளைத் தேர்தல் நடத்தும் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் நான் சொல்வது இது: தேதி அறிவித்த அன்றே வேட்பாளர் தளத்தின் ஃபீட்டை மற்ற இரண்டும் எடுத்துவிட வேண்டும், முடிவு வந்தபின் திரும்பச் சேர்க்கலாம். இல்லையென்றால் அல்சூர்க் குழுவின் ஹோஸ்டிங் செலவு யார் கணக்கு என்ற கேள்வி வரும். கட்சி சாராத குழு என்று அவர்கள் சொல்லிக்கொள்வதையும் யாரும் நம்பமாட்டார்கள். மனத்தாங்கல் வராமலிருக்க இதை முதல் நாள் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

இணைத்த பிறகு

ஊருக்குச் சொல்வதற்கு முன் ஒரு வாரம் சும்மா ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தளத்திலும் ‘பொது’ வகையில் ஒரு செய்தி போட்டு மறுநாள் மற்ற இரண்டிலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதை நீக்கி, எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்றும் பார்க்க வேண்டும். காப்புநகலிலிருந்து ஒரு தளத்தை முழுதாக மீட்டுப் பாருங்கள். காப்புநகல் எடுக்கிறவர்கள் நிறைய, அது வேலை செய்கிறதா என்று சோதித்தவர்கள் குறைவு. விலை மலிவான பழைய ஆண்ட்ராய்டு போனில், சிக்னல் குறைந்த இடத்தில் நின்று திறந்து பாருங்கள். அங்கே திறக்க நேரம் பிடித்தால் முகப்பிலுள்ள பெரிய படங்களைக் குறையுங்கள்.

அப்புறம் அப்டேட். மூன்று தளமும் ஒரே பொட்டலம் என்பதால் ஒரு ப்ளகினில் ஓட்டை என்றால் மூன்றிலும் ஓட்டை; பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். மற்ற அப்டேட்களை முறை வைத்து ஒரு தளத்தில் முதலில் செய்து, ஒரு நாள் பார்த்துவிட்டு, மற்ற இரண்டிலும் செய்யுங்கள். எந்த மாதம் யார் முறை என்பதை அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.